சங்கிலிபூதத்தானின் உண்மை நகல்

ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அதில் பீரோ இருக்கும், பீரோ இருந்தால் கோப்புக்கட்டு இருக்கும், கட்டு இருந்தால் கரையான் இருக்கும், கரையான் தின்றது போக மிஞ்சியதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருப்பாள். மணலேந்தல் தாலுகா ஆபீசில் அந்த ஒருத்தியாக, பதிவறை எழுத்தராக, இருபத்தாறு வருஷம் இருந்தவள் நான். ஓய்வு பெற்று வீட்டோடு கிடக்கும் இந்த நாட்களில், பகல் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரத்தில், அந்த ஆபீஸ் பெஞ்சில் கறுப்பு வெள்ளையாக வரிசைபோட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வருகிறார்கள். அந்த ஆறு மாதம் போல வேலைக்குப் போக நான் ஆசைப்பட்ட காலம் வேறு இல்லை. பத்து மணி ஆபீசுக்கு ஒன்பதரைக்கே போய் நிற்பேன். சம்பளம் என்னவோ அதேதான்.

எல்லாம் ஒரு சொல் விட்டுப்போனதால் வந்தது.

கீழத்தோப்புப் பேச்சியம்மாள் என்று ஒரு பெண், நாற்பத்தேழு வயது, நடுநிலைப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, இரண்டு பெண் பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவள், ஒரு நாள் என் மேசை முன்னால் ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்து ஐம்பத்தெட்டு ரசீதுகள் விழுந்தன. மனு பெற்றுக்கொண்டதற்கு எங்கள் ஆபீசில் கொடுக்கிற சின்னச் சீட்டு. நம்பரும் தேதியும் இருக்கும், மனு எதைப் பற்றியது என்று இருக்காது. அத்தனையும் அவளுடைய தகப்பனார் சங்கிலிபூதத்தான் பெயருக்கு வந்தவை. மனிதர் செத்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. இடிந்த பழைய வீட்டைச் சுத்தம் பண்ணும்போது பரணில் கிடந்ததாம்.

"எனக்கு ஏழு வயசுல இருந்து அவிய சாகுற வரைக்கும் வருசத்துக்கு ரெண்டு மனு குடுத்திருக்காவக்கா," என்றாள். "என்னத்துக்குன்னு கேட்டா, சர்க்கார் காரியம், ஒனக்கு என்ன தெரியும்னு சொல்லுவாவ. என் கல்யாணத்தன்னைக்குத் தாலி ஏறுன கையோட, எலையில கூட உக்காராம, ஜமாபந்தியில மனு குடுக்கணும்னு எந்திச்சுப் போனாவ. எங்கம்மா உசுரு போவும்போதும் இங்கதான் வரிசையில நின்னாவ. பொண்டாட்டி பிள்ளைய விட ஒசத்தியா அப்படி என்னத்தத்தான் எழுதுனாவன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

தெரிந்துகொள்ளச் சட்டம் இருக்கிறது. தகவல் கேட்டு மனுப் போட்டால் முப்பது நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். வாசல் வேப்பமரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிற ஐசக் தேவசகாயத்திடம் அவளை அனுப்பிவைத்தேன். ஐசக் நாற்பது வருஷமாக மனு எழுதுபவர், தூக்கத்தில்கூட 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முனகுபவர். அன்றைக்கு என்னவோ பாதி வரியில் டீ வந்துவிட்டது. 'என் தகப்பனார் அவர்களின் மனுக்களின் சான்றிட்ட நகல்' என்று இருக்க வேண்டிய இடத்தில், டீயைக் குடித்துவிட்டு வந்து தொடர்ந்ததில் 'மனுக்களின்' விட்டுப்போய், 'காலஞ்சென்ற என் தகப்பனார் திரு. சங்கிலிபூதத்தான் அவர்களின் சான்றிட்ட நகல் ஒன்று வழங்குமாறு' என்று ஆகிவிட்டது. பின்னால் கேட்டதற்கு, 'எழுதுனது எழுதுனதுதான், விட்டுப்போச்சுன்னு நான் ஒத்துக்க மாட்டேன்' என்று கடைசி வரை சாதித்தார்.

தகவல் கொடுக்க வேண்டிய அதிகாரி எங்கள் டெபுடி தாசில்தார் ஜமால் முகைதீன். நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் கமா, புள்ளி வரைக்கும் சட்டம். கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் தப்பு, கேட்காததைக் கொடுத்தாலும் தப்பு என்பார். அவர் அந்த மனுவை மூன்று தடவை வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், பிறகு எங்கள் ஆபீஸ் பிறந்த நாள் முதல் எந்தச் சங்கடத்துக்கும் எழுதுகிற இரண்டு சொல்லை ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'இருப்பின் வழங்கவும்.'

இருந்தது. மேலடுக்கில், கரையான் ஒரு மூலையை மட்டும் தின்ற கட்டாக, ஐம்பத்தெட்டு மனுவும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றுக்கும் முடிவு எழுதாமல் இருந்தது. இருபத்தொன்பதாம் நாள் மதியம் நான்தான் நகல் எடுத்தேன். கடைசித் தாள் வெளியே வந்ததும் மிஷினை அணைத்துவிட்டுத் திரும்பினேன். பெஞ்சில் சங்கிலிபூதத்தான் உட்கார்ந்திருந்தார்.

வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு எல்லாம் கறுப்பு வெள்ளை. ஆளும் கறுப்பு வெள்ளை. சட்டையின் இடது தோளில் வட்ட முத்திரை, 'உண்மை நகல்' என்ற எழுத்து, அதன் கீழே ஜமால் சாரின் கையெழுத்து. இடது காது பாதிதான் வந்திருந்தது. தாளை நேராக வைக்காதது என் தப்பு.

ஜமால் சார் வந்து குனிந்து பார்த்தார். "நான் போட்ட ஞாபகம் இல்ல. ஆனா கையெழுத்து என்னுதுதான்," என்றார். அனுப்புகைப் பதிவேட்டை எடுத்து, பக்கங்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு 'ஆள் 1' என்று எழுதி, வந்து பெற்றுக்கொள்ளுமாறு பேச்சியம்மாளுக்கு ஆள் விட்டார்.

அவள் சமையல் கையோடு வந்தாள். வாசலில் நின்று தகப்பனாரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "காது எங்க?" என்றாள் முதலில். பிறகுதான் கிட்டே போய், "யப்பா," என்றாள்.

அவர் எழுந்து கைகட்டி நின்று, காகிதம் சரசரக்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார்: "ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் கீழத்தோப்பில் குடியிருந்து வருகிறேன். என் மகள் பேச்சியம்மாள், வயது ஏழு, இரண்டாம் வகுப்பு. தினமும் கல்லோடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் கழுத்தளவு தண்ணீர் வருகிறது. சென்ற மாதம் கால் வழுக்கிப் புத்தகப்பை தண்ணீரோடு போய்விட்டது. பிள்ளை பிழைத்தது தெய்வச் செயல். சமூகம் ஐயா அவர்கள் மனமிரங்கி ஓடைக்கு ஒரு பாலம் கட்டித்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இதைத்தான் இருபத்தொன்பது வருஷம் கொடுத்திருக்கிறார். படிக்கத் தெரியாத மனிதர். முதல் மனுவை யாரோ எழுத, அதைப் பார்த்து அடுத்ததை எழுத, அதைப் பார்த்து அதற்கடுத்ததை எழுத, ஐம்பத்தெட்டிலும் பேச்சியம்மாள் ஏழு வயதிலேயே நின்றுவிட்டாள். கல்யாணத்தன்று கொடுத்த மனுவிலும் மகளுக்கு வயது ஏழு, இரண்டாம் வகுப்பு என்றுதான் இருந்தது. அதில் கைநாட்டோடு சந்தனம் ஒட்டியிருந்தது. நகலில் அது அவருடைய இடது பெருவிரலில் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தது.

பேச்சியம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள். அவர் அவளைத் தாண்டி வாசலில் யாரையோ தேடினார்.

"யப்பா, நாந்தாம்ப்பா. பேச்சி."

"இணைப்பு இரண்டு, குடும்ப அட்டை நகல்," என்றார் அவர் மரியாதையாக. "மகள், வயது ஏழு. தாங்கள் யார் என்று தெரிவிக்கும்படி வேண்டுகிறேன்."

அவள் அழுத அழுகை இருக்கிறதே, சர்வே பிரிவில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். எனக்கும் தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆனால் ஐம்பத்தெட்டு மனுவிலும் 'மனுதாரர் நேரில் ஆஜர்' என்று குறிப்பு இருக்கிறதே, காலை பத்து மணி ஆனால் அவர் எங்கள் பெஞ்சில் ஆஜராகிவிடுவார்.

ஊர் என்ன சொன்னது என்றால், ஊர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போனவன் திரும்பி வர ஒரு ஆயுசு ஆகும் என்று ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்த ஊர்தானே. முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் நாள் பாதிக் காதைப் பற்றி என்னைத் திட்டினார்கள், மூன்றாம் நாள் ஐசக் தேவசகாயத்தின் மரத்தடியில் வரிசை நின்றது. எல்லாருக்கும் அந்த ஒரு சொல் விட்டுப்போன மனுதான் வேண்டியிருந்தது.

வந்தார்கள். முதியோர் பென்ஷன் கோப்பிலிருந்து அம்மாக்கள் வந்தார்கள். வந்ததும் நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று ஒருதரம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள், ஏனென்றால் வருஷா வருஷம் அதைத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும் கோப்பில் இருந்தவர்கள் நெஞ்சு வரைக்கும்தான் வந்தார்கள். அவர்களை நாற்காலியில் தலையணை போட்டு உட்காரவைக்க வேண்டியிருந்தது. புறம்போக்கு நிலத்தில் வீடு கட்டியதற்காக நோட்டீஸ் வாங்கிய ஒரு பெரிய மிராசுதார் வந்தார்; பேரப்பிள்ளைகள் மாலை வாங்கிக்கொண்டு வந்து நிற்க, அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரேஷன் கார்டு தவிர வேறு எதிலும் பெயர் இல்லாத ஒரு மனைவி வந்தாள். பெயர், வயது, மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர் என்பதற்கு மேல் அவளிடம் ஒரு சொல் இல்லை. அவள் புருஷன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நாப்பது வருசம் குடும்பம் நடத்துனேன், எனக்கும் இதுக்கு மேல தெரியலியே," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறவர்களும் கேட்டார்கள். தன்னைப் பற்றிய தகவலைத் தானே கேட்க யாருக்கும் உரிமை உண்டு என்று ஜமால் சார் விதியைக் காட்டினார். பஸ் டெப்போவில் வேலை பார்த்த தர்மக்கண் தன்னுடைய 1983-ஆம் வருஷத்துச் சாதிச் சான்று மனுவிலிருந்து தன்னையே வாங்கினார். சுருட்டை முடியும் பெரிய காலருமாக நெஞ்சு வரைக்கும் வந்த அந்த ஆளை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு, 'ரெண்டும் நாந்தாம்வே' என்றாராம். எதிர்வீட்டுக்காரனின் நகல் கேட்டவர்களுக்கும், புருஷனின் சிநேகிதியின் நகல் கேட்ட இருவருக்கும், மூன்றாம் நபர் தகவல், தர இயலாது என்று பதில் போயிற்று.

ஜில்லா ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இது எப்படி நடந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. ஆண் எத்தனை, பெண் எத்தனை, முழு உருவம் எத்தனை, அரை உருவம் எத்தனை என்று படிவம் அனுப்பி மாதம் ஐந்தாம் தேதிக்குள் நிரப்பிக் கேட்டார்கள். நிரப்பி அனுப்பினோம்.

ஆனால் நகல் நகல்தான். வெயில் ஆகாது, மழை ஆகாது. ஒன்றரை மாதத்தில் பஸ் டிக்கெட் போல வெளுத்து, ஒரு நாள் பெஞ்சில் துண்டு மட்டும் தெரியும், மறுநாள் அதுவும் இராது. சனங்கள் கொஞ்சம் அழுதுவிட்டுப் போவார்கள். இரண்டாம் தடவை என்பதால் அழுகை அத்தனை கஷ்டமாக இராது. சங்கிலிபூதத்தான் மட்டும் வெளுக்கவில்லை. ஏன் என்று எனக்குச் சீக்கிரமே புரிந்தது. மற்றவர்களுடைய கோப்புகள் எல்லாம் முடிந்து கட்டியவை, இவருடையது முடியாத கோப்பு. மனு நிலுவையில் இருக்கும் வரை மனுதாரர் இருப்பார்.

பேச்சியம்மாள் தினமும் பள்ளிக்கூடத்து அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு மணிக்கு வருவாள். அவர் அவளை 'அம்மா அவர்களே' என்று கூப்பிட்டு இடம் விடுவார். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் வாசலைப் பார்ப்பார். இது என்னால் பார்க்க முடியாத காட்சியாக இருந்தது.

"ஏளா, ரிக்கார்டுல இருக்கிறதுதான அவருக்குத் தெரியுது? அப்ப ரிக்கார்டுல ஏத்திட்டாப் போச்சு," என்றேன் ஒரு நாள். "மனுவா எழுதிக் குடு. நம்பர் போட்டு அவர் கட்டுலயே சேத்துருதேன். ஐசக்கிட்டச் சொன்னா, வயது நாற்பத்தேழு எனத் திருத்துகன்னு ஒரு வரியில அடிச்சுத் தந்துருவாரு."

அவள் வெற்றிலையைக் கீழே வைத்தாள். "ஐயோ, வேண்டாங்க்கா. ஏழு வயசுப் பிள்ளைய ஒரேயடியா நாப்பத்தேழுன்னா பயந்துருவாவ. நானே எழுதுதேன். மெள்ள மெள்ள வளருதேன்."

வளர்ந்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த கோணல் எழுத்தில், பேசுகிறபடியே எழுதி, ஒரு நாளைக்கு ஒரு மனு, ஒரு மனுவுக்கு ஒரு வயது. 'யப்பா எனக்கு எட்டு வயசு ஆயிட்டு. மேல்பல்லு விழுந்து முளைச்சிட்டு. இப்படிக்கு பேச்சியம்மாள்.' நான் முத்திரை குத்தி, தன்பதிவேட்டில் நம்பர் போட்டு, கட்டில் சேர்ப்பேன். மறுநாள் காலையில் அவர் அவள் வாயைப் பார்த்து, "பல்லு நேராத்தான் முளைச்சிருக்கு," என்பார். அவள் எழுத எழுத அவர் பேச்சிலிருந்து 'பணிவுடன்' போயிற்று, 'சமூகம்' போயிற்று, 'தாங்கள்' போயிற்று. கட்டில் ஏறிய அவளுடைய பேச்சே அவர் பேச்சாக ஆகிக்கொண்டு வந்தது. பத்து வயது மனுவில், ஓடையில் வெள்ளம் வந்ததால் ஐந்தாவதோடு அம்மா நிறுத்திவிட்டாள் என்று எழுதியிருந்தாள். அன்று முழுக்க அவர் துண்டைத் திருகிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயது மனுவுக்கு மறுநாள், தம் விரலில் இருந்த சாம்பல் கறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எலையில உக்காராம வந்துட்டனே, ஒனக்கு அசிங்கமாப் போயிருக்கும்லா," என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பொய்தான், ஆனால் அவர் மனசு நோகக்கூடாதென்று சொன்ன பொய்.

இதைப் பார்த்து ஊரும் மனு எழுதிற்று. மனுப்பெட்டி நிரம்பி வழிந்தது. மாமா, நம்ம சிவப்பிக் கன்னு போட்டிருக்கு என்று ஒரு மனு. அத்தை, நீங்க சொன்ன மாப்பிள்ளையைக் கட்டாதது நல்லதாப் போச்சு என்று ஒரு மனு. குறையே இல்லாத மனுவுக்கு என்ன நடவடிக்கை எடுப்பது என்று ஜமால் சார் இரண்டு நாள் குழம்பி, 'கண்ணுற்றேன், கோப்பில் சேர்க்க' என்று எழுத ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஆபீசில் யாரும் யாரையும் நாளைக்கு வா என்று சொன்னதில்லை. அந்தப் பெஞ்சுக்கு நாளை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

முப்பது வயது வரை வளர்ந்தவள் அப்புறம் எழுதவில்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டேன். மடியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் காட்டினாள். 'யப்பா எனக்கு முப்பத்தொரு' என்று ஆரம்பித்து நின்றிருந்தது. "அந்த வருசந்தாங்க்கா அம்மா செத்தா. அன்னைக்கு நான் அவியளச் சொன்ன சொல்லுக்கு நாக்கு அழுகணும். அதுக்குப் பெறகு நான் பேசவே இல்ல. அஞ்சு வருசம். அவிய ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் போகல. இத எழுதுனா நாளைக்கு அவியளுக்குத் தெரிஞ்சிரும். எழுதாட்டி, முப்பது வயசு மகளா, இப்பிடியே பக்கத்துல உக்காந்துக்கிடலாம்லா?"

உட்கார்ந்துகொள்ளலாம் என்றேன். எனக்குக் கல்லு மனசா என்ன.

அப்போதுதான் அந்த இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நிலுவையில் உள்ள மனுக்களை உடனே முடித்துவிட வேண்டும். யூனியன் ஆபீசில் ஒரு சிறுபாலத்துக்கு நிதி ஒதுக்கியிருக்கிறது, கல்லோடைக்குக் கட்டலாம், ஆனால் தேவை இன்னும் இருக்கிறது என்று மனுதாரரின் வாரிசு வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பாலம், பாலம் வந்தால் கோப்பு முடிந்தது. அவளைப் பதிவறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன்.

"அவகாசம் கேட்டு எழுதிக் குடு. குடும்பச் சூழ்நிலைன்னு போடு, போதும். நானிருக்கிற வரைக்கும் ஒரு வருசம், ரெண்டு வருசம்னு ஓட்டிருதேன். இந்த ஆபீசுல ஓடாததா? அப்பா ஒன் பக்கத்துலயே இருப்பாரு."

அவள் அவகாசத்துக்குத்தான் எழுதினாள். அதை நீட்டவும் வந்தாள். பெஞ்சைத் தாண்டும்போது அவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"ஏ பேச்சி, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நீ வளந்துட்ட. பள்ளிக்கூடம் முடிஞ்சிட்டு, கலியாணம் ஆயிட்டு, ரெண்டு பிள்ளையும் பெத்துட்ட. அப்ப ஓடைய இப்ப யாரு தாண்டுதா?"

அவளுக்குத் தெரியாதா? கீழத்தோப்பிலிருந்து பதினொரு பிள்ளைகள். ஐப்பசியில் இடுப்பு வரைக்கும் நனைந்து வந்து அவள் அடுப்படியில்தான் குளிர் காய்வார்கள். பாவாடையைப் பிழிந்து அடுப்புக் கல்லில் காயப்போட்டுக் கொடுக்கிறவளே அவள்தான்.

"யாரும் தாண்டலியா?" என்றார் மறுபடி.

"தாண்டுதுவப்பா," என்றாள். "பதினொண்ணு."

"அப்பம் மனு நிக்கட்டும்னு விடக்கூடாதுலா," என்றார் அவர், யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிற சாதாரணக் குரலில்.

அவள் கையிலிருந்த தாளைக் கசக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அரசாங்கத் தாளுக்கு அத்தனை மரியாதை கொடுக்கிற குடும்பம். திருப்பி வைத்து, பின்பக்கத்தில் பதினொரு பிள்ளைகளின் பெயரையும் வகுப்பையும் எழுதி, தேவை உள்ளது என்று கையெழுத்துப் போட்டு ஜமால் சாரிடம் கொடுத்தாள். பிறகு என்னிடம் இன்னொரு வெள்ளைத்தாள் கேட்டாள். அதை எழுத அவளுக்கு அந்த மத்தியானம் முழுக்க ஆயிற்று.

'யப்பா, அம்மா செத்த அன்னைக்கு நீங்க மனு குடுக்கப் போயிருந்தீய. இனிமே அந்த மனுதான் ஒங்களுக்கு மக, நான் இல்லன்னு சொன்னேன். அந்த மனுவுக்குள்ள இருந்தது நாந்தான்னு எனக்குத் தெரியாது. அஞ்சு வருசம் பேசல. நீங்க பெரியாஸ்பத்திரியில ஒம்பது நாள் கெடந்தீய. ரெண்டு நாள் நான் கேட்டுவாசல் வரைக்கும் வந்தேன். உள்ள வரல. இப்படிக்கு பேச்சியம்மாள், வயசு நாப்பத்தேழு.'

முத்திரை குத்தினேன். நம்பர் போட்டுக் கட்டில் சேர்த்தேன். அன்று அவள் தகப்பனாரைக் கூட்டிக்கொள்ளாமலே போய்விட்டாள். அவர் பெஞ்சிலேயே இருந்தார்.

மறுநாள் தாசில்தார் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். கல்லோடைக்குச் சிறுபாலம் அனுமதிக்கப்படுகிறது, மனு இத்துடன் முடிக்கப்படுகிறது. வாரிசிடம் கொடுப்பதா என்று நான் கேட்டதற்கு ஜமால் சார், "மனுதாரர் நேர்ல ஆஜரா இருக்கும்போது வாரிசு எதுக்கு?" என்று உத்தரவைத் தானே எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். பேச்சியம்மாள் தூண் மறைவில் நின்றாள். அதற்குள்ளேயே அவருக்குப் பாதமும் வேட்டிக்கரையும் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

உத்தரவை நேரில் கொடுத்தால், ஆபீஸ் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு நான் எழுதி, கைநாட்டு வாங்குவது வழக்கம். வாசித்துக் காட்டினேன். பாலம் என்ற சொல் வந்தபோது தலையாட்டினார். கைநாட்டு வைத்தார். போகத் திரும்பினேன்.

"தாயி, அந்தக் கட்டுல கடைசியா ஒண்ணு இருக்கு. அத எடு."

எடுத்தேன். அவளுடைய கோணல் எழுத்து.

"இதுக்கு யாரும் ஒப்புதல் குடுக்கலியே. எனக்குத்தான எழுதியிருக்கா. அதுல எழுது, நான் வெக்கேன்."

"பெற்றுக்கொண்டேன்னுதான ஐயா?"

அவர் தூண் பக்கம் பார்த்தார். வயிறு வரைக்கும் வெளுத்துவிட்டது, பெஞ்சுப் பலகை தெரிந்தது.

"கொண்டேன்லாம் எதுக்கு? பெத்தேன்னு எழுது."

"முறைப்படி அப்படி எழுதக்கூடாதுங்களே," என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கமா புள்ளி பார்க்கிற ஜமால் சார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவர் சொல்றத எழுதுங்கம்மா," என்றார்.

எழுதினேன். சந்தனக் கறை இருந்த அந்தப் பெருவிரல் கடைசியாகத்தான் வெளுத்தது. அதற்குள் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. தாளைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டி, உதடு அசைய, அந்த ஒரு சொல்லை வாசித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.